ஜனாதிபதியை நடக்க வைத்த டாக்டர்

1955-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி. பின்னிரவு நேரம்.

அமெரிக்காவில் உள்ள டென்வர் நகரம் தூங்கிக்கொண்டு இருந்தது. ஓய்வுக்காக அங்கே வந்து தங்கி இருந்த ஒருவர் மட்டும் திடுக்கிட்டு விழித்தார். அவருக்கு வயது 64. நெஞ்சில் கடுமையான வலி. மனைவி பதறிப்போனார். உடனே டாக்டரை அழைத்தார்கள்.

முந்தின நாள் அவர் வெகுநேரம் "கோல்ப்" ஆடி இருந்தார். மதியச் சாப்பாட்டில் பச்சை வெங்காயம் சேர்த்து இருந்தார். அதனால் வந்த அஜீரணம் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. ஊரெல்லாம் அதையே நம்பியது.

பகலில் இருதயத்தைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். உண்மை தெரிந்தது.

அது அஜீரணம் அல்ல. மாரடைப்பு!

அந்த நோயாளி சாதாரண மனிதர் அல்ல. இரண்டாவது உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர். அமெரிக்காவின் ஜனாதிபதி ஐசனோவர்!

செய்தி பரவியதும் உலகமே கலங்கியது. 26-ந் தேதி திங்கட்கிழமை நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. அந்த ஒரே நாளில் பங்குகளின் மதிப்பு சுமார் 1,400 கோடி டாலர் குறைந்தது.

ஏன் இவ்வளவு பயம்? அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர் பிழைத்தாலும், அவருடைய வேலைக்காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். படி ஏறக்கூடாது. வேகமாக நடக்கக்கூடாது. பதவி, பொறுப்பு எதுவும் வேண்டாம். சாய்வு நாற்காலிதான் கதி. இதுவே ஊர் உலகத்தின் எண்ணம்.

இந்த எண்ணத்தை மாற்ற ஒருவர் வந்தார். 25-ந் தேதி பாஸ்டன் நகரத்தில் இருந்து விமானத்தில் அழைத்துவரப்பட்டார். அவருக்கு அப்போது வயது 69. நோயாளியைவிட வயதில் மூத்தவர்! ஆனால் நடையில் இளைஞர்.

அவர்தான் டாக்டர் பால் டட்லி ஒயிட்.

குதிரை வண்டியில் சென்ற சிறுவன்

பாஸ்டன் நகரத்தில் ராக்ஸ்பரி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே 1886-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி ஒயிட் பிறந்தார்.

அவருடைய தந்தை ஒரு குடும்ப டாக்டர். நோயாளிகள் வந்து காத்து இருக்கட்டும் என்று உட்கார்ந்து இருப்பவர் அல்ல. குதிரை வண்டி பூட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்வார். சிறுவன் ஒயிட்டும் தந்தையோடு வண்டியில் ஏறிக்கொள்வது உண்டு. வைத்தியம் என்பது என்ன என்று அந்த வண்டியில் இருந்தே அவர் கண்டார்.

அந்தக் குடும்பத்திலும் ஒரு துயரம் நேர்ந்தது. ஒயிட்டின் தங்கை இருதய நோயால் சிறுவயதிலேயே இறந்துபோனாள்.

குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து ஒருவகைக் காய்ச்சல் வரும். மூட்டுகள் வீங்கும். பிறகு அது இருதயத்துக்குள் இருக்கும் வால்வுகளைக் கெடுத்துவிடும். அப்போது பெனிசிலின் மருந்து கிடையாது. தந்தை டாக்டராக இருந்தும் மகளைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒயிட் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1911-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

இன்று மாரடைப்பு என்ற சொல் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்று பட்டம் பெற்று வெளியே வந்த ஒயிட்டுக்கு, இருதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்படும் அந்த நோயைப் பற்றி யாரும் பாடம் சொல்லித் தந்திருக்கவில்லை! அடுத்த ஆண்டு, 1912-ல்தான், சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் ஹெரிக் அந்த நோயைப் பற்றி விளக்கமாக எழுதினார்.

உப்புத் தண்ணீரில் கைகள்

1913-ம் ஆண்டு ஒயிட் லண்டனுக்குப் போனார். அங்கே தாமஸ் லூயிஸ் என்ற புகழ் பெற்ற டாக்டர் இருந்தார். ஒரு புதிய கருவியைக் கொண்டு அவர் இருதயத்தை ஆராய்ந்துகொண்டு இருந்தார்.

இருதயம் துடிக்கும்போது மிக மெல்லிய மின்சாரம் உண்டாகிறது. அதைப் பிடித்துக் கோடுகளாக வரைந்து காட்டும் கருவி அது. இன்று "இ.சி.ஜி." என்கிறோமே, அதுதான்.

இப்போது அதைக் கைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம். அன்று அப்படி அல்ல. ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஐந்தோவன் முதலில் செய்த கருவி இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி தன் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரம்பிய தொட்டிகளில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து இருக்க வேண்டும்.

ஒயிட் அந்த வித்தையைக் கற்றார். 1914-ம் ஆண்டு பாஸ்டனுக்குத் திரும்பினார். தன்னுடைய ஆஸ்பத்திரியில் அந்தக் கருவியை நிறுவினார்.

அதன் பிறகு முதலாவது உலகப் போர் வந்தது. அவர் பிரான்சுக்குப் போய், காயம்பட்ட போர் வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். போர் முடிந்ததும் மீண்டும் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கேயே அவர் வாழ்க்கை நிலைபெற்றது.

1924-ம் ஆண்டு அவருக்கு இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. இருதய நோய்க்காக அமெரிக்க நாடு முழுவதற்கும் ஒரு சங்கம் தோன்றியது. அதைத் தொடங்கிய டாக்டர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டில் ஐனா ரீட் என்ற பெண்ணை மணந்தார். ஐனா அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உதவி செய்யும் சமூக ஊழியராக இருந்தவர்.

1931-ல் ஒயிட் இருதய நோய்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி வெளியிட்டார். பல நாட்டு டாக்டர்களும் அதைப் படித்தார்கள்.

தழும்பு ஆற எத்தனை நாள்?

மாரடைப்பு வந்தால் இருதயத்தில் என்ன நடக்கிறது?

இருதயம் என்பது ஒரு தசை. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று தனிக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டால், அதை நம்பி இருக்கும் தசைப் பகுதி செத்துவிடுகிறது. பிறகு அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. கையில் பட்ட வெட்டுக்காயம் ஆறித் தழும்பு ஆவதுபோலத்தான்.

அந்தத் தழும்பு உறுதிப்பட எத்தனை நாள் ஆகும்? இதைக் கண்டுபிடிக்க 1939-ல் ஒயிட்டும் அவருடைய தோழர்களும், மாரடைப்பால் சேதம் அடைந்த 72 இருதயங்களை ஆராய்ந்தார்கள். சிறிய காயம் ஆறச் சுமார் ஐந்து, ஆறு வாரங்கள் ஆகின்றன. பெரிய காயத்துக்கு இரண்டு மாதங்கள்கூட ஆகின்றன. இதுதான் அவர்கள் கண்ட முடிவு.

இதைப் படித்த டாக்டர்கள் நோயாளியை ஆறு வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். சாப்பாட்டைக்கூட மற்றவர்கள் ஊட்ட வேண்டும் என்றார்கள்.

ஆனால் ஒயிட் அந்த முடிவின் மறுபக்கத்தையும் பார்த்தார். காயம் ஆறி, தழும்பு உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு மனிதனைப் பயமுறுத்தி நாற்காலியில் உட்கார வைப்பது எதற்கு? ஆறிய இருதயத்துக்குப் பயிற்சி அல்லவா வேண்டும்?

காலையில் இருந்து இரவுவரை உட்கார்ந்தே இருக்கும் மனிதர்கள் பெருகிவருவதை அவர் கவனித்தார். காரில் போகிறார்கள். லிப்டில் ஏறுகிறார்கள். வயிறு பெருக்கிறது. சிகரெட் கையை விட்டுப் போவது இல்லை. இந்த வாழ்க்கை முறைதான் இருதயத்துக்குப் பகை என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

டிரைவரும் கண்டக்டரும்

லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் இதற்கு நல்ல சாட்சியம் கண்டுபிடித்தார்.

லண்டன் மாடி பஸ்களில் இரண்டு ஊழியர்கள் இருப்பார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படிகள்!

இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. ஒரே பஸ். ஒரே புகை. ஆனால் சுமார் 31 ஆயிரம் போக்குவரத்து ஊழியர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் பிந்தி வந்தது. உயிர் போவதும் குறைவாக இருந்தது.

1953-ம் ஆண்டு இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. படி ஏறிய கால்கள்தான் கண்டக்டர்களைக் காப்பாற்றின என்று மாரிஸ் கருதினார்.

நாட்டுக்கே பாடம்

இனி டென்வர் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம்.

ஜனாதிபதியை ஒயிட் பரிசோதித்தார். மாரடைப்பு லேசானது என்று முதலில் வெளியே சொல்லப்பட்டு இருந்தது. லேசானது அல்ல, நடுத்தரமானது என்று அவர் திருத்தினார். ஜனாதிபதியின் உடல்நிலை மக்களுக்கு உள்ளபடி தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை.

26-ந் தேதி நிருபர்கள் கூட்டத்துக்கு வந்தார். அவர் பேசியது ஜனாதிபதியைப் பற்றி மட்டும் அல்ல. ஒரு பள்ளி ஆசிரியரைப்போல, இருதயம் என்றால் என்ன, அடைப்பு எப்படி வருகிறது, அது எப்படி ஆறுகிறது என்று எளிய வார்த்தைகளில் விளக்கினார். ஜனாதிபதிக்கு மலம் கழிந்ததைக்கூட மறைக்காமல் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் பத்திரிகை படித்த கோடிக்கணக்கான மக்கள் அன்றுதான் தங்கள் இருதயத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

ஜனாதிபதியை வாரக்கணக்கில் மல்லாந்தே கிடக்க விடவில்லை. சுமார் இரண்டு வாரத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு சில அடிகள் நடக்கவிட்டார்கள். நாளுக்கு நாள் நடையைக் கூட்டினார்கள்.

நவம்பர் 11-ந் தேதி ஐசனோவர் ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்பட்டார். ஏழு வாரத்துக்கு முன்பு சக்கர நாற்காலியில் இருந்தவர், தன் கால்களால் நடந்து விமானம் ஏறினார்.

அடுத்து ஒரு பெரிய கேள்வி எழுந்தது. மறு ஆண்டு தேர்தல். ஐசனோவர் மறுபடியும் போட்டி இடலாமா?

பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒயிட்டின் தலையில் விழுந்தது. ஆம் என்று சொல்லி, ஜனாதிபதி பதவியில் இருக்கும்போதே விழுந்துவிட்டால்? உலகம் முழுவதும் தூற்றும். அவருடைய நாற்பது ஆண்டுப் பெயர் போய்விடும்.

1956-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி டாக்டர்கள் தங்கள் முடிவைத் தெரிவித்தார்கள். இன்னும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள்வரை ஐசனோவர் சுறுசுறுப்பாக வேலை செய்யமுடியும் என்று ஒயிட் கூறினார். போட்டி இடுவதா, வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஐசனோவர் போட்டி இட்டார். வெற்றி பெற்றார். இடையில் குடலில் ஆபரேஷன் நடந்தது. 1957-ல் மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பேச்சு தடுமாறியது. அதையும் தாண்டி 1961-ம் ஆண்டு ஜனவரிவரை பதவிக்காலத்தை முடித்தார். பின்னால் மறுபடியும் மாரடைப்புகள் வந்தன. 1969-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, 78-வது வயதில் காலமானார்.

முதல் மாரடைப்புக்குப் பிறகு அவர் வாழ்ந்தது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல்!

அவர் எத்தனையோ ஆண்டுகள் நாள்தோறும் நாலு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். 1949-ல்தான் அடியோடு நிறுத்தினார். அந்தப் பழக்கம் செய்த தீங்கை எந்த நடையும் முழுவதும் துடைத்துவிட முடியாது. நடை ஒரு காவல். ஆனால் ஒரே காவல் அல்ல.

திமிங்கலத்தின் நாடி

ஒயிட்டுக்கு மனித இருதயத்தைப் பற்றி மட்டும் அல்ல, எல்லா உயிர்களின் இருதயத்தைப் பற்றியும் ஆசை.

சிறிய பிராணியின் இருதயம் வேகமாக அடிக்கும். பெரிய பிராணியின் இருதயம் மெதுவாக அடிக்கும். அப்படியானால் திமிங்கலத்தின் இருதயம்? அதைத் தெரிந்துகொள்ள 1952-ல் அலாஸ்காவுக்குப் போய், ஒரு வெள்ளைத் திமிங்கலத்தின் துடிப்பைத் தோழர்களுடன் சேர்ந்து பதிவு செய்தார். 1956-ல், ஏறக்குறைய எழுபது வயதில், மெக்சிகோ கடலோரத்தில் சாம்பல் நிறத் திமிங்கலங்களைத் தேடிப் படகில் போனார். ஒரு திமிங்கலம் சீறி வந்து படகையே சேதப்படுத்தியது. அதற்கும் அவர் அஞ்சவில்லை.

மெதுவாகத் துடிக்கும் இருதயத்தின் அருமை மனிதருக்கும் உண்டு. சாதாரணமாக நம் இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நாள்தோறும் நடந்து பழகியவரின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை அனுப்புகிறது. ஆகவே ஓய்வாக இருக்கும்போது குறைவான துடிப்பே போதும். இருதயத்துக்கு வேலை குறைகிறது.

கால் என்னும் துணைவன்

நடந்தால் இருதயத்துக்கு எப்படி நன்மை?

இருதயம் ரத்தத்தைக் கால்வரை அனுப்புகிறது. அங்கே இருந்து அது மேலே ஏறி வர வேண்டும். அதற்கு உதவி செய்வது கெண்டைக்கால் தசை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தத் தசை இறுகி, ரத்தக் குழாயைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. குழாய்க்குள் இருக்கும் சின்னஞ்சிறு கதவுகள் அது கீழே இறங்காமல் தடுக்கின்றன. அதாவது, நடக்கும்போது இருதயத்துக்குத் துணையாகக் கால்களும் பம்ப் அடிக்கின்றன!

ரத்த அழுத்தம் குறையவும், சர்க்கரை கட்டுப்படவும், உடல் எடை ஏறாமல் இருக்கவும் நடை துணை செய்கிறது. மனக்கவலைக்கும் நடையே நல்ல மருந்து என்பது ஒயிட்டின் நம்பிக்கை.

ஊருக்குச் சொன்னதை அவர் தாமும் செய்தார். நடந்தார். படி ஏறினார். வயதான காலத்திலும் சைக்கிள் மிதித்தார். பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனிப் பாதை வேண்டும் என்று வாதாடினார்.

நோய் வந்த பிறகு வைத்தியம் செய்வதைவிட வராமல் தடுப்பதே மேல் என்பதும் அவர் கொள்கை. 1948-ல் பாஸ்டனுக்கு அருகே பிராமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். அது பிறக்கத் துணை நின்றவர்களில் ஒயிட்டும் ஒருவர். உயர்ந்த ரத்த அழுத்தம், ரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, புகை பிடித்தல், உடல் உழைப்பு இல்லாமை ஆகியவை இருதயத்தைக் கெடுக்கின்றன என்பதை அந்த ஆராய்ச்சி பின்னால் நிலைநாட்டியது.

தமிழ்ப் பெண்ணுக்குக் குரு

ஒயிட்டிடம் படிக்கப் பல நாடுகளில் இருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், பர்மாவில் பிறந்த பத்மாவதி. இரண்டாவது உலகப் போரின்போது பர்மாவை விட்டுத் தாயாருடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர்.

1952-ம் ஆண்டு ஹார்வர்டில் ஒயிட்டிடம் பயின்ற அவர், டெல்லிக்கு வந்து இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணராகப் புகழ் பெற்றார். 1962-ல் அகில இந்திய இருதய நிறுவனத்தைத் தொடங்கினார். தள்ளாத வயதிலும் நீச்சல் அடிப்பதை வழக்கமாகக் கொண்டு இருந்தார். 2020-ம் ஆண்டு, 103-வது வயதில் மறைந்தார்.

குருவும் சும்மா இருக்கவில்லை. 1971-ம் ஆண்டு, 85-வது வயதில் சீன நாட்டுக்குப் போய் அங்குள்ள வைத்திய முறைகளைப் பார்த்து வந்தார். 1973-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, 87-வது வயதில் பாஸ்டன் நகரத்தில் காலமானார்.

காசு இல்லாத மருந்து

ஒயிட் காலத்துக்குப் பிறகு வைத்தியம் வெகுதூரம் வளர்ந்துவிட்டது. அடைப்பை நீக்கும் மருந்தும் சிகிச்சையும் வந்துவிட்டன. மாரடைப்பு வந்தவரை, சிக்கல் இல்லாவிட்டால், ஓரிரு நாளிலேயே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். ஒயிட் காட்டிய வழியில் வைத்தியம் அவரையும் தாண்டிப் போய்விட்டது.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதாவது, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். எவ்வளவு வேகம்? நடந்துகொண்டே பேச முடியவேண்டும். பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

நடந்து பழகாதவர்கள் முதல் நாளே ஓடக்கூடாது. பத்து நிமிடத்தில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். ஏற்கனவே இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடக்கவேண்டும். நெஞ்சில் அழுத்தமோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, மூச்சுத் திணறலோ, திடீர் வியர்வையோ வந்தால் அஜீரணம் என்று இருந்துவிடக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஜனாதிபதி வீட்டிலேயே அஜீரணம் என்று ஏமாந்தார்கள் அல்லவா?

சார்லஸ் ஆற்றங்கரையில் சுமார் 18 மைல் நீளத்துக்கு ஒரு பாதை செல்கிறது. டாக்டர் பால் டட்லி ஒயிட் பாதை என்று அதற்குப் பெயர். காலையிலும் மாலையிலும் கிழவர்கள் நடக்கிறார்கள். தாய்மார்கள் குழந்தை வண்டி தள்ளிப் போகிறார்கள். சிறுவர்கள் சைக்கிளில் பறக்கிறார்கள்.

அவருக்கு அதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் வேறு இல்லை. அந்தப் பாதை பாஸ்டனில் இருக்கிறது. ஆனால் நடப்பதற்குப் பாஸ்டனுக்குப் போகவேண்டியது இல்லை. வீட்டு வாசலில் இறங்கினால் போதும்.